தண்ணீர்ப் பொருத்தம்

பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், கண்ணாடித் தொட்டிக்குள் ஆயுள் முழுவதும் சேர்ந்து இருக்கப்போகிற ஜீவன்களுக்கு நிறப் பொருத்தம் ஒன்றைத்தான் பார்க்கிறோம். சிவப்பில் இரண்டு, மஞ்சளில் நாலு என்று புடவை எடுப்பதுபோல மீன் எடுக்கிறவர்களைக் கொளத்தூர்க் கடைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சாதுவான மீன்களிடம் இது ஓரளவு செல்லும். சிக்லிட் குலத்திடம் செல்லாது.

என் அக்கா பிள்ளை போன வருஷம் மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, ஒரு ஜாபிதாவோடு வந்தான். ஆஸ்கார் இரண்டு, ஏஞ்சல் நாலு, எலக்ட்ரிக் யெல்லோ ஆறு, நியான் டெட்ரா பத்து.

"எல்லாம் விரல் நீளந்தான், மாமா. கடையிலே ஏஞ்சலும் நியானும் ஒரே தொட்டியிலேதான் இருக்கு" என்றான்.

கடை சத்திரம் மாதிரி. இரண்டு ராத்திரி யாரும் யாரோடும் தங்கிவிடலாம். குடித்தனம் வேறு.

ஏஞ்சலுக்கும் ஆஸ்காருக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேஸான் படுகை. அங்கே பல இடங்களில் தண்ணீர் மழைநீர் போல மென்மையானது, பி.எச். கணக்கில் 7-க்குக் கீழே. எலக்ட்ரிக் யெல்லோ ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தது. அது காரத் தண்ணீர். 8-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். 6.5-க்கும் 8.5-க்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்தக் கணக்கில் ஒரு படி பத்து மடங்கு. இரண்டு படி நூறு மடங்கு.

அவன் வீட்டில் போர் தண்ணீர். குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அக்கா அதைத் தினம் தேய்த்து அலுத்துக்கொள்வாள்; மலாவி மீன்களுக்கோ அது ஒத்துக்கொள்ளும். மருந்தை ஊற்றித் தண்ணீரை மாற்றுவதைவிட, வருகிற தண்ணீருக்கு இசைந்த மீனைத் தேடுவதே நம் போன்றவர்களுக்கு உசிதம். மருந்து ஊற்ற மறந்த வாரத்தில் தண்ணீரின் குணம் சட்டென்று மாறும். மீனால் தாங்க முடியாது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த ஏஞ்சல், நம் தண்ணீருக்கு எவ்வளவோ பழகிவிட்டது. ஆனால் தோரணம் போல அசைந்து வருகிற அதற்கு, மலாவி மீன்களின் பாய்ச்சல் பழகாது. ஒரு வாய் இரை கிடைப்பதற்குள் எல்லாம் தீர்ந்துபோகும். அந்தப் பரம சாதுவே வளர்ந்த பிறகு நியானை விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

சிக்லிட்டைச் சண்டைக்கார மீன் என்பது பாதிதான் நிஜம். முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிற மீனுக்கு எல்லைத் தகராறு எதற்கு? இவை குழந்தை வளர்க்கிறவை. மலாவி மீன்களில் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக்கொண்டு, ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி கிடக்கிறது. கேரளத்துக் காயல்களில் இருக்கிற பள்ளத்தியும் இந்தக் குலந்தான். அதன் குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் சுரக்கும் வழவழப்பையே மேய்ந்து வளர்கின்றன. இதே பள்ளத்தி தன் பெரிய உறவுக்காரனான கரிமீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்யும்; சமயம் வாய்த்தால் அதன் முட்டைகளையும் தின்றுவிடும். இது சிநேகமா பகையா என்று எந்த ஜோசியரைக் கேட்பது?

ஆகவே எலக்ட்ரிக் யெல்லோவை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண் இருந்தால், ஒன்றையே விரட்டிக் கொல்லாது. ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒதுங்கக் கல்லடுக்கு வேண்டும். ஆண் பெண் தெரியாத வயசில் வாங்குவதால் எட்டாக வாங்கி, பிறகு மிச்ச ஆண்களைக் கடைக்கே திருப்பிவிடலாம். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

அவனுக்கு மற்றதெல்லாம் சம்மதம். ஆஸ்காரைத்தான் விட மனமில்லை. அந்த மீன் கண்ணாடியருகே வந்து ஆளைப் பார்க்கும்; சோறு போடுகிற கையைத் தெரிந்துகொள்ளும். ஓரடி வளரும், வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும், மூன்றடித் தொட்டியில் அது திரும்பவே இடம் போதாது என்றேன்.

"பெரிசானா ஏரியிலே விட்டுடலாமே, மாமா."

எனக்குச் சுருக்கென்றது. 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலாப்பியாவும் சிக்லிட்தான். நாம் ஜிலேபி என்கிறோம். எத்தனை ஏரி குளங்களில் நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டு அது பெருகிக் கிடக்கிறது என்று வலை வீசுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதை அவனிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு அக்காதான் சொன்னாள், தொட்டியில் எட்டு மஞ்சள் மீன்கள் ஓடுகின்றன என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைக்குப் போய் அந்த ஆஸ்காரைப் பார்த்துவிட்டு வருகிறானாம். ஜோடியில் ஒன்று விலைபோய்விட்டது. மற்றது முக்கால் அடி இருக்கிறது.