மூலிகைக்கும் முகவரி வேண்டும்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய மக்கள் தம் மொழியையும் வழிபாட்டையும் உணவு வழக்கத்தையும் தம்மோடு கொண்டு வந்துவிடுகின்றனர். மண்ணை மட்டும் கொண்டு வர இயலுவதில்லை. அந்த மண்ணோடு ஒட்டிய அறிவு ஒன்று உண்டு. வேலியில் படர்ந்திருப்பது தூதுவளை, வரப்பில் முளைத்திருப்பது கரிசலாங்கண்ணி, குப்பைமேட்டில் நிற்பது குப்பைமேனி என்று கண்ட மாத்திரத்தில் சொல்லும் அறிவு அது. நம் பாட்டிமார் அதனை ஏட்டில் படித்தாரல்லர்; நாள்தோறும் கண்ணாற் கண்டும் கையாற் பறித்தும் பெற்றனர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நம்மவர் பெங்களூருக்கு வந்தபொழுது அந்த வேலியும் வரப்பும் அங்கேயே நின்றுவிட்டன.

ஒக்கலிபுரத்தில் நமக்கு வாய்த்தவை இருப்புப்பாதையின் ஓசையும், நெருங்கிய வீடுகளும், மொட்டைமாடியில் ஒரு மூலையுமே ஆகும். எனினும் ஆசை விட்டபாடில்லை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலந்தொட்டு, துளசியும் கற்பூரவள்ளியும் இல்லாத மாடி அரிதாகிவிட்டது. “மூலிகை வளர்க்கவும் பயன்படுத்தவும் நம்பத்தக்க செய்தி எங்கே கிடைக்கும்?” என்று சங்கத்து அன்பர் பலர் வினவுகின்றனர். நாம் மருத்துவரல்லோம், பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டி நிலையத்துப் பார்சல் பிரிவில் எழுத்தராய்ப் பணிபுரிபவர். தேடியதில் கிடைத்தவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கின்றோம்.

சென்ற மழைக்காலத்தில் நமது தெருவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி கொண்டு வருமாறு அவன் பாட்டியார் பணித்தார். அன்று மாலைக்குள் மூவர் மூன்று செடிகளைக் கொண்டு வந்தனர். ஒருவர் இருப்புப்பாதை ஓரத்தில் பறித்தார். ஒருவர் சந்தையில் உலர்ந்த தழையாக வாங்கினார். மற்றொருவர் உறவினர் வழியே ஊரிலிருந்து வரவழைத்தார். மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. பாட்டியார் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு, “இதில் எது என்று எனக்கே சந்தேகமாயிருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்” என்றார்.

அவ்வாறே செய்தனர். இரத்தத்தைச் சோதித்ததில், குடிநீர் வழியாகப் பரவும் கல்லீரல் அழற்சி என்று தெரிந்தது. ஓய்விலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் சில வாரங்களில் சிறுவன் நலம் பெற்றான். நாமோ அம்மூன்று செடிகளையும் செய்தித்தாளிடையே வைத்து அழுத்தி, தாவரம் அறிந்த ஒருவரிடம் காட்டினோம். இருப்புப்பாதை ஓரத்தில் பறித்தது ஒன்றே கீழாநெல்லி. அதுவும் களைக்கொல்லி தெளிக்கும் இடத்தில் முளைத்தது. ஆதலின் உண்ணத் தகாதது. ஐயம் தோன்றியவுடன் நிறுத்திக்கொண்ட அம்மூதாட்டியின் அறிவே உண்மையான மருத்துவ அறிவு என்பது நமது கருத்து.

குடிபெயர்ந்தோர்க்கு இவ்வையம் இருமடங்காகும். ஏனெனில் இங்கே செடியின் பெயரே மாறிவிடுகின்றது. நமது கற்பூரவள்ளி கன்னடத்தில் தொட்டபத்ரெ. வல்லாரை ஒந்தெலக. ஆடாதோடை ஆடுசோகெ. சீந்தில் அம்ருதபள்ளி. பிரண்டை மங்கரவள்ளி. நிலவேம்பு நெலபேவு, கீழாநெல்லி நெலநெல்லி. தமிழ் நூலைப் படித்துவிட்டு நாற்றங்காலுக்குப் போகிறவர் வாய் திறக்க வழியின்றி நிற்கின்றார். பெயர் ஒன்றாயிருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. ‘பிரம்மி’ என்று கேட்டால் சிலர் வல்லாரையைக் கொடுக்கின்றனர்; சிலர் நீர்ப்பிரம்மியைக் கொடுக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

இதற்கு ஒரு வழியை நமது தொழிலே காட்டுகின்றது. பார்சல் மூட்டையின் மேல் ஊர்ப்பெயரை எம்மொழியில் எழுதினாலும், நிலையக் குறியீடு ஒன்றே. ஜோலார்ப்பேட்டைக்கு ஜே.டி.ஜே.; காட்பாடிக்குக் கே.பி.டி. பெங்களூர் நகர நிலையம் இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா பெயரைத் தாங்குகின்றது. ஆயினும் அதன் குறியீடு எஸ்.பி.சி. என்றே நிற்கின்றது. குறியீடு பிழைத்தால் மூட்டை வேறு ஊர் சேரும். செடிக்கும் அத்தகைய முகவரி உண்டு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் செடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வழங்கினார். வல்லாரை ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’. நீர்ப்பிரம்மி ‘பகோபா மொன்னியேரி’. கீழாநெல்லி ‘பைலாந்தஸ் அமாரஸ்’. பழைய நூல்களில் கீழாநெல்லியைப் ‘பைலாந்தஸ் நிரூரி’ என்று எழுதியிருப்பர். அப்பெயர் உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்குரியது என்று பின்னர்த் தெளிந்தனர். ஆகவே பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே அறிதல் நன்று.

பெயர் பிழைத்தால் நேரும் தீங்கு கற்பனையன்று. பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை 1990-ஆம் ஆண்டு முதல் பலர் உட்கொண்டனர். ‘ஃபாங் ஜி’ என்று முடியும் பெயருடைய ஒரு மூலிகைக்குப் பதிலாக, அதே முடிவுடைய மற்றொன்று அதில் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர்க்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவர்கள் 1993-ல் அதனை வெளிப்படுத்தினர். அந்தத் தவறான செடி அரிஸ்டோலோகியா இனத்தது. நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் அவ்வினத்தனவே. அவற்றிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயும் விளைப்பது. முன்னோர் பயன்படுத்தினர் என்பது ஒன்றே அவற்றை வீட்டில் உட்கொள்ளப் போதிய காரணமாகாது.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் சீந்தில் சாற்றைப் பலர் நாள்தோறும் பருகினர். கல்லீரல் கெட்ட ஆறு நோயாளரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினர். உண்மைச் சீந்திலோடு உருவம் ஒத்த வேறு கொடி கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் அப்பொழுது கூறியது. 2022-ல் நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்ந்த மருத்துவர்கள் அத்தகைய 43 நோயாளரைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, சீந்திலையே காரணமாகக் காட்டினர். செடி சரியானதே ஆயினும் அளவும் காலமும் உடல் நிலையும் அறிந்தே உட்கொள்ள வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. இனி, செய்தி கிடைக்கும் இடங்களைக் காண்போம். செடியை நூலிற் காணல், உயிரோடு காணல், அறிந்தவரிடம் கேட்டல் என்னும் மூன்றும் ஒத்துவந்த பின்னரே நம்புதல் வேண்டும்.

நூல்களுள் முதலிற் குறிக்கத்தக்கது க. ச. முருகேச முதலியார் 1936-ல் வெளியிட்ட குணபாடம், மூலிகை வகுப்பு. சித்த மருத்துவ மாணவர்க்கு அது பாடநூல். ஒவ்வொரு மூலிகைக்கும் பயன்படும் உறுப்பு, சுவை, தன்மை, பிரிவு, செய்கை ஆகியவற்றை அது முறையே கூறுகின்றது. பழைய சித்த மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திற் கட்டணமின்றிக் கைபேசியிலேயே படிக்கலாம். அச்சு நூல் வேண்டுவோர் அல்சூர் ஏரிக்கரையிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

உயிருள்ள செடியைக் காண விரும்புவோர் எலகங்காவை நோக்கிச் செல்க. அங்கே ஜாரகபண்டெக் காவலில், நாட்டுப்புற மருத்துவ மரபுகளைக் காப்பதற்கென 1993-ல் தொடங்கிய எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்னும் அறநிறுவனம் உள்ளது. கருநாடகம், கேரளம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளில் மூலிகைக் காப்பிடங்களை ஏற்படுத்தியது அதுவே. உலர்த்திய மூலிகை மாதிரிகளை அங்கே சேர்த்து வைத்துள்ளனர். அந்நிறுவனம் தொகுத்த தாவரப் பெயர்ப்பட்டியலைக் கணினியிலும் காணலாம். தமிழ்ப் பெயரைக் கொண்டு தேடி இருசொற் பெயரையும், அதிலிருந்து கன்னடப் பெயரையும் பெறலாம். குடிபெயர்ந்தோர்க்கு இதனினும் உதவியான ஏடு வேறில்லை.

1964-ல் நிறுவிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் மூலிகைத் தோட்டம் உண்டு. அங்கு வழக்கமாக நவம்பர்த் திங்களில் நடைபெறும் உழவர் திருவிழாவில் நாற்றும் விதையும் கிடைக்கும். வல்லுநரிடம் கேட்டும் அறியலாம். லால்பாக் நமக்கு இன்னும் அண்மையது. மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினால் நான்காம் நிறுத்தத்தில் இறங்கலாம். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய அத்தோட்டத்தின் பக்கத்து நாற்றங்கால்களில் துளசி, கற்பூரவள்ளி, ஆடாதோடை போன்றவற்றை வாங்கலாம். போகும்பொழுது கன்னடப் பெயரையும் இருசொற் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போதல் நலம்.

ஐயமான செடியை அறிந்தவரிடம் காட்டவும் ஒரு முறை உண்டு. இலையும் பூவும் காயும் கூடிய கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே கனமான நூல்களை ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்துக. பறித்த நாளையும் இடத்தையும் எழுதுக. இலை ஒன்றை மட்டும் கொண்டு சென்று காட்டினால் வல்லுநரும் திகைப்பர்.

வளர்க்கும் முறை எளிது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் இடுக. கற்பூரவள்ளி, ஆடாதோடை, பிரண்டை ஆகியவற்றைக் கிளையொடித்து நடலாம். பிரண்டைக்குக் கணுவுள்ள துண்டு வேண்டும். வல்லாரை வேர்விட்ட ஓடுகொடியால் பெருகும். அரைநிழலும் நீங்காத ஈரமும் விரும்பும். கீழாநெல்லி விதையால் முளைக்கும்; மழைக்காலத்தில் செழித்துச் சில திங்களில் முதிர்ந்துவிடும். இலைகளின் கீழே வரிசையாகச் சிறு காய்கள் தொங்குவதே அதன் அடையாளம். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளமையால், மார்கழி தை மாதக் குளிரில் துளசியும் நிலவேம்பும் வளர்ச்சி குன்றும். அதனைக் கண்டு நீரை மிகுதியாக ஊற்றுவோர் வேரை அழுகச் செய்கின்றனர். சாக்கடை ஓரத்து வல்லாரையையும் கரிசலாங்கண்ணியையும் பறித்து உண்ணாதீர். கழிவிலுள்ள ஈயம் முதலிய நஞ்சுகளைச் செடி உறிஞ்சி வைத்திருக்கும்.

பயன்படுத்துவதில் ஓர் எல்லைக்கோடு வேண்டும். சளிக்குக் கற்பூரவள்ளிச் சாறு, உணவில் வல்லாரைத் துவையல், பிரண்டைத் துவையல் என்பன நம் அடுக்களை வழக்கங்கள். அவற்றோடு நிற்பது நல்லது. மஞ்சட்காமாலை, நீரிழிவு, இதயநோய், கருவுற்ற காலம், கைக்குழந்தை ஆகியவற்றில் நாமே வைத்தியராதல் கூடாது. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். கல்லீரல் அழற்சியின் பி வகைக் கிருமியைத் தாங்கியோர்க்குச் சென்னை ஆய்வாளர் அதனைக் கொடுத்து, மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் வெளியிட்டனர். உலகமே வியந்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. முதல் செய்தியை மட்டும் கேட்டவர் இன்றும் அதனையே பேசுகின்றனர். இரண்டாம் செய்தியையும் அறிதலே கல்வி. முறையான சித்த மருத்துவம் நாடுவோர், 2005-ல் திறந்த தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவுக்குச் செல்லலாம். எம்மருத்துவரிடம் சென்றாலும், உட்கொண்டுவரும் மூலிகையை மறையாது கூறுக.

அன்பர்களே! நூல் அச்சில் இருக்கும். தோட்டம் அரசின் காவலில் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் எழுபதும் எண்பதும் கடந்த பெரியோர் நெஞ்சில் இருப்பது எங்கும் அச்சாகவில்லை. எச்செடியை எக்காலத்தில் பறிப்பது, எதனைக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்பன அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் கற்று வளர்கின்றனர். தமிழ்ப் பெயர் அவர்தம் நாவில் தங்குவது அரிது. ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைப்போமாக. பக்கத்திற்கு ஒரு செடி. தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், இருசொற் பெயர், பாட்டி சொன்ன பயன், இன்றைய மருத்துவர் சொல்லும் எச்சரிக்கை ஆகிய ஐந்தையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்வோமாக. அவ்வேடுகளின் படியைச் சங்கத்திற்குத் தந்தால், ஒரு வீட்டார் ஐயத்தைப் பிறிதொரு வீட்டார் தீர்க்க இயலும். வேலியையும் வரப்பையும் மீட்க நம்மால் ஆகாது. அங்கு நின்ற செடிகளின் பெயரையேனும் பிழையின்றி அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கலாம்.