உட்கார்ந்து ஆடிய நாட்டியம்

நாட்டியம் என்றால் எனக்குச் சலங்கை வேண்டும், ஜதி வேண்டும், ஒரு கதையும் வேண்டும். இவை இல்லாத ஒன்றை யாராவது நாட்டியம் என்றால் உள்ளூரச் சிரித்துக்கொள்வேன். போன மாதம் ஓர் இரவில் அந்தச் சிரிப்பு அடங்கிப் போயிற்று.

அன்று நான் பார்த்தது 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' என்ற பெல்ஜிய நாட்டியத்தின் படம். நாட்டியத்தை அமைத்தவர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் என்ற அம்மையார். 1960-இல் பிறந்தவர். மோரீஸ் பெஜார் 1970-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய பள்ளியில் பயின்றவர். அந்தப் பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? 'முத்ரா'! நம் வீட்டுச் சொல் ஒன்று அத்தனை தூரம் போய்க் குடியிருந்திருக்கிறது.

1983-இல் ஃபுமியோ இக்கேடா, மிஷேல் ஆன் டி மே, அட்ரியானா போரியெல்லோ ஆகிய மூவரோடு தாமும் சேர்ந்து அவர் இதை ஆடினார். தியெரி டி மே அதை 1997-இல் படமாக்கினார், லூவன் நகரில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில்.

பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமுடியைக் கோதுகிறார்கள், சட்டையைத் தோளில் சரி செய்கிறார்கள், குனிகிறார்கள், சட்டென்று நிமிர்கிறார்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இசையோ இரும்புப் பட்டறை போல விடாமல் அடிக்கிறது.

"இது என்ன கூத்து!" என்றேன்.

அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்து நின்ற என் மனைவி பதில் சொல்லவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். அவள் பள்ளி ஆசிரியை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "கடைசிப் பீரியட் இப்படித்தாங்க இருக்கும். சாயலாம்னு தோணும். சாய முடியாது. உடனே நிமிர்ந்துக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதைகளில் எத்தனை பெண்கள் 'களைத்துப்போய் உட்கார்ந்தாள்' என்ற ஒரே வரியில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அந்த வரியோடு என் கடமை தீர்ந்தது. உட்கார்ந்த பிறகும் அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. எங்கோ ஒரு குளிர் தேசத்துப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள். எண்ணி, அடுக்கி, தாளத்தில் கட்டியிருக்கிறாள். கதை இல்லை என்று நான் குறைப்பட்டேனே, கதை என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

2013-இல் அந்த அம்மையாரின் குழு, நாற்காலிப் பகுதியை யார் வேண்டுமானாலும் கற்று ஆடிப் படமெடுத்து அனுப்பலாம் என்று உலகத்தையே அழைத்ததாம். நியாயந்தான். இந்த ஆட்டத்தில் பாதி எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கமாயிற்றே.

மறுநாள் மாலை மனைவி வந்து பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை தானாகத் தலைமுடியைக் கோதிற்று. தலை ஒரு கணம் சாய்ந்து, உடனே நிமிர்ந்தது.

"நீ உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். நான் போட்ட காப்பி சுமார்தான். அவள் முழுவதையும் குடித்தாள்.