முனீஸ்வரனுக்கு ஒரு கிண்டிக் குதிரை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு முனீஸ்வரன் கோயில். நான் போயிருந்தபோது வாசலில் தலையில்லாத குதிரை நின்றது. உடம்பு வெறும் கம்பியும் கோழிவலையும்; கால்களில் மட்டும் முதல் பூச்சு ஏறியிருந்தது. சுதை வேலைக்காரர் குந்தி உட்கார்ந்து, முன்னங்கால் முட்டிக்குக் கீழே ஈரச் சாந்தைக் கரண்டியால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்க சதையே இருக்கக் கூடாது சார். எலும்பும் நரம்பும்தான்."

உடற்கூறு நூல் சொல்வதும் இதைத்தான். குதிரைக்கு முட்டிக்குக் கீழே தசை கிடையாது. மேலேயிருக்கும் தசைகளைக் குளம்புவரை இழுத்துப் பிடித்திருப்பவை நீண்ட தசைநாண்கள். அது நிற்பதே ஒற்றை விரல் நுனியில். குளம்பு அந்த விரலின் நகம். பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்து துருத்துவது முட்டி அல்ல, குதிகால். பல கோயில் குதிரைகள் பிசகுவது இந்த இடத்தில்தான்.

அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கிண்டி. தகப்பனாரிடம் தொழில் பழகிய காலம்வரை, பழைய குதிரையைப் பார்த்துப் புதுக் குதிரை செய்வதுதான் வழக்கம். பிறகு ரேஸ்கோர்ஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போன காலத்தில், விடியற்காலைப் பயிற்சிக்கு வரும் குதிரைகளை ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். "அவ்ளோ பெரிய உடம்பு, காலைப் பார்த்தா முருங்கைக் குச்சி. ஓடி முடிச்சு நடத்திக் கூட்டிட்டு வரும்போது வயித்துல நரம்பு புடைச்சு நிக்கும்." எது எந்தக் கோப்பையை வென்றது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. பேர்போன குதிரை என்று யாராவது காட்டினால், அதன் தோள் எப்படி அசைகிறது என்று பார்ப்பாராம். அண்ணா மேம்பாலத்தருகே, குதிரைப் பந்தய ஒழிப்பின் நினைவாக நிற்கும் மனிதனும் குதிரையுமான சிலையையும் இப்படித்தான் பேருந்து ஜன்னல் வழியே படித்திருக்கிறார்.

இங்கிலாந்து ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸும் இதே பாடத்தைத் தேடிப் போனவர்தான். ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஏறக்குறைய 18 மாதங்கள் தங்கி, செத்த குதிரைகளை அடுக்கடுக்காக அறுத்து வரைந்தார். 1766இல் அது நூலாக வந்தது. 1762 வாக்கில் அவர் வரைந்த 'விசில்ஜாக்கெட்' என்ற பந்தயக் குதிரை, ஏறக்குறைய உயிருள்ள அளவில், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பின்னணியில் மரமில்லை, வானமில்லை. முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை மட்டும்.

அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் பெரிதாக்கிப் பின்னங்காலைத்தான் முதலில் பார்த்தார். "குதிகால்ல உட்கார்ந்து எழும்புது பாருங்க, பாரம் முழுக்க அங்க இருக்கு. சரியா போட்டிருக்காரு." கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வேலையில இது நிக்காது சார். வயித்துக்குக் கீழ தாங்கு வேணும்."

சிற்பத்தின் கணக்கே இந்தத் தாங்கில்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் கல்தூண்களில் பாயும் குதிரைகளின் முன்னங்கால்களுக்குக் கீழே வீரர்களும் விலங்குகளும் நெருக்கியடித்து நிற்பது அழகுக்காக மட்டுமில்லை. ஓவியனுக்கு எடைக் கவலை கிடையாது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821இல் வரைந்த எப்சம் பந்தயத்தில் குதிரைகள் நாலு காலையும் நீட்டிப் பறக்கின்றன. அப்படி எந்தக் குதிரையும் ஓடுவதில்லை என்பதை 1878இல் மைப்ரிட்ஜின் புகைப்படங்கள் காட்டிவிட்டன. நாலு குளம்பும் தரையை விட்டெழுவது, கால்கள் வயிற்றடியில் மடங்கியிருக்கும் நொடியில்.

இங்கே குதிரையின் கம்பி எலும்புக்கூட்டைக் கட்டியவர் உதவிக்கு வந்த இளைஞர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை. கோயில் கமிட்டி இரண்டு கால்களும் தூக்கியிருக்க வேண்டும் என்றது. மேஸ்திரி ஒரு காலை ஊன்ற வைத்து, மற்றதைத் தூக்க ஒப்புக்கொள்ளவைத்திருக்கிறார். ஊன்றிய கால் கிண்டியில் பார்த்த அளவுக்கு மெலியாது, மெலிந்தால் வெடிக்கும். அதனால் பருமனை விட்டுவிட்டு, தசைநாணுக்கு மட்டும் ஒரு வரிப்பள்ளம் இழுக்கிறார். எனக்கு இந்தத் தீர்மானம், ஸ்டப்ஸின் அறுவைக்கு எந்த வகையிலும் குறைந்ததாகப் படவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் எனாமல் பூச்சும் கண்திறப்பும் பாக்கி. பீடத்தில் உபயதாரர் பெயர் பொறிக்கக் கருங்கல் பலகை ஏற்கெனவே வந்து சுவரில் சாய்ந்திருந்தது. அதில் இவர்கள் இருவர் பெயருக்கும் இடம் உண்டு. கமிட்டிக்காரர் ஒருவரிடம் அதைக் கேட்டேன். பேசிச் சொல்வதாகச் சொன்னார்.