ஓட்டைக் காலணாவும் ஒரு படி கம்பும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, மானாவாரிக் கரிசலில் எங்கள் ஊர். ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசி, பங்குனியில்தான் பருத்தி வெடிக்கும். சித்திரையில் நாலு காசு புழங்கும், ஆடிக்குள் கரைந்துவிடும். சொலவடைகள் செழித்ததெல்லாம் ஆடிக்குப் பிந்திய அந்த வறண்ட மாதங்களில்தான்.

பொழுது சாய அடுத்த வீட்டு அத்தை வந்து வாசலில் உட்காருவாள். "என்ன, இன்னும் உலை வைக்கலையா?" என்பாள் அம்மா.

"அடுப்புல பூனை சொகமாத் தூங்குது மதினி. எழுப்பினா பாவம்லா?"

தீயே காணாத அடுப்பில்தான் பூனை சாம்பலுக்குள் சுருண்டு படுக்கும். அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து, குலுக்கையின் அடித்துளையில் அடைத்திருந்த துணியை உருவுவாள். கம்பு சரசரவென்று சொளகில் கொட்டும். கேட்டவளுக்குக் கூச்சமில்லை, கொடுத்தவளுக்குப் பெருமையில்லை. வெள்ளாமை வந்ததும் அந்தப் படி கம்பு கோபுரமாகக் குவிந்து திரும்பி வரும்.

ஆம்பிளைகளுக்குக் கடைத் திண்ணை. கைமாற்றுக் கேட்டு வந்தவரிடம், "பிச்சை எடுத்தாராம் பெருமாளு, அதப் புடுங்கித் தின்னாராம் அனுமாரு. நான் பெருமாளு, நீ அனுமாரா மாப்ள?" என்பார் பெரியவர். வந்தவரும் சிரித்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு பீடி வாங்கிப் பற்றவைப்பார். இல்லாமையை ஆள்மேல் ஏற்றாமல் பூனைமேலும் அனுமார்மேலும் ஏற்றிச் சொன்ன அந்த நாகரிகத்தை, படித்தவர்கள் கூடுகிற இடங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஓட்டைக் காலணாகூட இல்ல" என்பது பெரியவர்கள் வாயில் எப்போதும் இருக்கும். உலகப்போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-இல் நடுவில் துளையிட்டு அடித்த காசு அது. 1957-இல் நயா பைசா வந்து காலணா ஒழிந்தது. எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து ஒழியவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் சிரிப்பதற்காகச் சொன்னதில்லை. பருத்தியை வண்டியேற்றிக் கோவில்பட்டியில் போட்டுவிட்டு வந்த ராத்திரி, தரகும் வண்டிக்கூலியும் கடைப்பாக்கியும் கழித்துப் பார்த்துவிட்டுத் தாத்தா சொல்வார்: "உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது." சொல்லி முடித்த கையோடு, வருகிற ஐப்பசிக்கு எந்தப் பிஞ்சையில் என்ன விதைக்கலாம் என்று பாட்டியிடம் யோசனை கேட்பார்.