ஜேம்ஸ்டவுன் வளர்த்த பறவைச் சிறுவன்

நியூயார்க் என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஆனால் அதே பெயர் தாங்கிய மாநிலத்தின் மேற்குக் கோடிக்குச் செல்வோமாயின், நாம் காண்பது முற்றிலும் வேறோர் உலகம். குன்றுகள், பால்பண்ணைகள், திராட்சைத் தோட்டங்கள். இடையே ஷட்டாக்வா என்னும் நீண்ட ஏரி. அவ்வேரியின் நீர் சிற்றாறாகப் புறப்படும் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ளது ஜேம்ஸ்டவுன்.

முன்னாளில் மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர் இது. சுவீடன் நாட்டிலிருந்து குடியேறிய பலர் இங்குள்ள ஆலைகளில் உழைத்தனர். அத்தகைய எளிய குடும்பம் ஒன்றில், 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள், ரோஜர் டோரி பீட்டர்சன் பிறந்தார். ஆலைச் சங்கொலிக்கு இசைந்து வாழ்ந்த ஊரில், காட்டில் தனியே அலையும் சிறுவனை யார் மதிப்பர்? உடன்பயின்றோர் அவனைக் கிறுக்கன் என்று எள்ளி நகையாடினர்.

அவன் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, பிளாஞ்ச் ஹார்ன்பெக் என்னும் ஆசிரியை மாணவர்க்கெனப் பறவைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப்பெட்டியும், ஃபுவெர்ட்டெஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் தீட்டிய பறவைப் படம் ஒன்றும் தந்து, அதைப் பார்த்து வரையச் சொன்னார். ரோஜருக்குக் கிடைத்தது நீல ஜே என்னும் பறவையின் படம்.

1920-ஆம் ஆண்டின் வசந்தத்தில், ஊர்ப்புறக் காட்டில் பழுப்புநிற மரங்கொத்தி ஒன்று அசைவற்றிருக்கக் கண்டான். இறந்துவிட்டதென எண்ணி மெல்லத் தொட்டான். நெடும்பயணக் களைப்பில் உறங்கிய அப்பறவை திடுமென விழித்து, பொன்னிறச் சிறகு மின்னப் பறந்தோடியது! அந்தக் கணமே அவன் வாழ்வின் திசையை வகுத்தது.

1925-இல் பள்ளிப் படிப்பை முடித்ததும், அலமாரிகளில் சித்திரம் தீட்டும் வேலை ஆலையில் கிடைத்தது. அக்கூலியில் மிச்சம் பிடித்து, அவ்வாண்டே நியூயார்க் நகரில் கூடிய பறவையியல் அறிஞர் மாநாட்டுக்குச் சென்றார். பதினேழு வயது இளைஞரின் இரண்டு ஓவியங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. சிறுவயதில் யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தாரோ, அந்த ஃபுவெர்ட்டெஸையே நேரில் சந்தித்தார்.

பின்னர் 1934-இல் அவர் வெளியிட்ட பறவைக் கையேடு பெரும் மாற்றத்தை விளைவித்தது. முற்காலத்தில் பறவையை இனங்காண அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. பீட்டர்சனோ, ஒவ்வொரு பறவைக்கும் உரிய தனி அடையாளத்தைச் சிறு அம்புக்குறியால் சுட்டிக் காட்டினார். தொலைவில் நின்றவாறே, எளியோரும் பறவையின் பெயரறிய வழி பிறந்தது. முதற்பதிப்பின் 2,000 படிகளும் வெகுவிரைவில் விற்றுத் தீர்ந்தன.

அவர் 1996-இல் மறைந்தார். 1984-இல் அவர் பெயரால் ஜேம்ஸ்டவுனில் நிறுவப்பட்ட நிலையம், மரங்கள் சூழ்ந்த இடத்தில் அவருடைய ஓவியங்களைப் போற்றி வருகிறது. எள்ளி நகையாடிய ஊரே இன்று அவரால் பெருமை கொள்கிறது.

ஹார்ன்பெக் அம்மையார் கொடுத்தது ஒரு வண்ணப்பெட்டியும் சிறிது நேரமும்தான். நம் இல்லங்களிலும், பாடப்புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலுக்கு வெளியே நோக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அதட்டுமுன், அது எதைப் பார்க்கின்றது என்று நாமும் சற்றே எட்டிப் பார்ப்போம்.