பூட்டும் சாவியும்

நாய் உலாவலாம், குழந்தை உலாவக் கூடாது! 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் ஸ்பெயின் நாட்டில் இருந்த நிலை இது. மார்ச் 14ஆம் நாள் அந்நாட்டு அரசு எச்சரிக்கை நிலையை அறிவித்தது. உணவு, மருந்து, பணி போன்ற காரணங்களுக்கு அன்றி எவரும் தெருவில் நடக்கலாகாது. நாயை நடத்திச் செல்லத் தடையில்லை. குழந்தைகளோ காலாற நடக்க ஏப்ரல் 26 வரை, ஆறு வாரம், காத்திருந்தார்கள். அன்றும் கிடைத்தது ஒரு மணி நேரம். ஒரு கிலோமீட்டர் தொலைவு.

இதைப் படித்தபோது நான் அரசின் பக்கமே நின்றேன். அறிவியல் மாணவன் அல்லவா? "கிருமிக்குச் சட்டம் தெரியுமா? உயிர் இருந்தால்தானே உரிமை!" என்று வரலாற்றுப் பிரிவு நண்பனிடம் வாதாடினேன்.

அவன் காட்டியது ஒரு தீர்ப்பு. 2021 ஜூலை 14 அன்று ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம், அறுவர் ஒருபுறமும் ஐவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அந்த வீட்டடைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. நோயைத் தடுத்தது தவறு என்று அது கூறவில்லை. எச்சரிக்கை நிலையில் உரிமையைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்திவைக்க இயலாது. அதற்கு நாடாளுமன்றத்தின் இசைவை முன்கூட்டியே பெற்று வேறு நிலையை அறிவித்திருக்க வேண்டும் என்பதே பெரும்பான்மையோர் கருத்து.

ஐவர் மறுத்தார்கள் என்றால், எளிய வினா அன்று இது. ஆயினும் ஒன்று தெளிந்தேன். கிருமி எப்படிப் பரவுகிறது என்பதை என் பாடநூல் சொல்லும். யாரைக் கேட்டுக் கதவைப் பூட்டுவது, சாவி யாரிடம் இருப்பது என்பதை அது சொல்லாது.

நண்பனிடம் நேரில் ஒப்புக்கொள்ள இன்னும் வாய் வரவில்லை. இங்கே எழுதி ஒப்புக்கொள்கிறேன்.