நீர் அணைக்காத நெருப்பு

நெருப்பு என்று கேட்டவுடன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம்மவர் வழக்கம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் ஏறாவூர் மக்களாகிய நமக்குத் தண்ணீர் எட்டாத பொருளன்று. அயல்வீட்டுக் கூரை புகைந்தால் ஆளுக்கொரு வாளியோடு ஊரே திரண்டுவிடும். அப்பண்பு போற்றத்தக்கதே. எனினும், தண்ணீர் பட்டால் தணியாமல் சினந்தெழும் பொருள்களும் உலகில் உள. அவற்றுட் சில நம் வீட்டிற்கும் கடைத்தெருவிற்கும் புதியனவல்ல.

பெருநாளுக்குச் சுவர் வெளுப்பதற்காகச் சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது, "எட்ட நில்லுங்க புள்ளையள், பானைக்குள்ள நெருப்பு இரிக்கு" என்று மூத்தம்மாமார் அதட்டுவதை நாம் கேட்டு வளர்ந்தோம். அது வெறும் பயமுறுத்தலன்று. நீறாத சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டு நீரோடு சேரும்போது பெருவெப்பம் பிறக்கிறது, நீர் கொதிக்கிறது. அருகில் வைக்கோலோ சாக்கோ இருப்பின் தீப்பற்றவுங் கூடும். அடுப்பின்றி எழும் நெருப்பு அது.

கல்சியம் காபைட்டு இன்னும் பொல்லாதது. ஒட்டு வேலைக்கும், சட்டத்திற்கு மாறாகப் பழம் பழுக்க வைக்கவும் பயன்படும் இச்சாம்பல்நிறக் கட்டி, நீர் பட்டதும் அசற்றலீன் என்னும் எரிவாயுவை வெளிவிடும். ஒரு தீப்பொறி போதும், அவ்வாயு வெடித்தெரியும். பாடசாலை ஆய்வுகூடத்துச் சோடியத்தை எண்ணெயில் அமிழ்த்தி வைப்பதன் காரணத்தையும் மாணவர்கள் இங்கே உணரலாம். காற்றின் ஈரமும் அதற்கு ஆகாது. நீர் பட்டாலோ ஐதரசன் வாயு எழுந்து தீப்பற்றிக்கொள்ளும்.

நீரின் இக்குணம் ஒரு நகரையே அழித்த கதையும் உண்டு. 1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரிலிருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், மெதைல் ஐசோசயனேற்று நிறைந்திருந்த தாங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே வெப்பமும் அமுக்கமும் ஏறின; ஏறத்தாழ 40 தொன் நச்சுவாயு வெளியேறியது. உறங்கிக் கிடந்தோர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அங்கே பகையாய் வந்தது நாம் நாளும் பருகும் தண்ணீரே.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் மாரிகாலம். நவம்பர் முதல் சனவரி வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும். 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மூடிய வெள்ளத்தை எவரும் மறந்திரார். அத்தகைய நாளில் கடையின் தரையிலே கிடக்கும் காபைட்டுப் பீப்பாவையோ சுண்ணாம்பு மூட்டையையோ வெள்ளம் தேடிவந்து தொடும். ஆதலின் மழை தொடங்குமுன்னரே அவற்றை உயரத்தில், ஈரம் புகாதபடி மூடிவைத்தல் வேண்டும்.

தீப்பற்றிவிட்டால் முதலில் கேட்கவேண்டியது, "எரிவது என்ன?" என்பதே. இவ்வகைப் பொருளாயின் குடத்தைக் கீழே வையுங்கள். சிறு தீயாயின் உலர்ந்த மணலால் மூடலாம். வாவிக்கரையில் அள்ளிய ஈரமணல் தண்ணீருக்கே ஒப்பாகும். ஆகவே மூடிய வாளியில் காய்ந்த மணலை முன்னரே சேமித்து வைத்தல் நன்று. பெருந் தீயாயின் காற்று வரும் திசைக்கு விலகி, பிறரையும் விலக்கி, தீயணைப்போர் வந்ததும் பொருளின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

உடலில் சுண்ணாம்புத் தூள் பட்டால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பின்னர் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் ஒரு கணமும் தாமதியாது நிறைந்த நீரால் கழுவிக்கொண்டே 1990 இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழையுங்கள். சிறிதளவு நீர் சூட்டைக் கிளப்பும். பெருகி ஓடும் நீரோ சூட்டையும் காரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும்.

உதவிக்கு ஓடும் கால்கள் நம் ஊருக்கு என்றும் குறைந்ததில்லை. ஓடுமுன் எரிவது எதுவெனக் கேட்டறியும் பழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்கு இப்போதே கற்பிப்போமாக.